புதிய பதிப்பை வெளியிடுவது எப்படி? சிறு மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிரல் எழுதுவதைக் கல்லூரியிலேயே நன்றாகக் கற்றுக்கொண்டு வருகிறவர்கள்கூட, எழுதி முடித்த நிரலை வாடிக்கையாளரின் கணினி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில்தான் பார்க்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனிக் குழு இருக்கும். ஏழெட்டுப் பேர் மட்டுமே இருக்கும் இடத்தில் நிரல் எழுதுகிறவரே சோதிப்பார், அவரே வெளியிடுவார், மறுநாள் காலையில் கடைக்காரரின் அழைப்பையும் அவரே எடுப்பார். அப்படிப்பட்ட குழுவில் சேர்ந்து முதல் ரிலீஸ் வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வெளியீட்டையே கடைசி வரை பிடித்துக்கொள்கிறேன். எங்கள் குழு மளிகைக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளைச் செய்கிறது. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில், 12, 28 சதவீத அடுக்குகளைப் பெரும்பாலும் நீக்கி, பொருள்களை 5, 18 சதவீத அடுக்குகளுக்கு மாற்ற முடிவு செய்தது. புதிய விகிதங்கள் செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வரும் என்றார்கள். சோப்பு, ஷாம்பூ, பற்பசை 18-இலிருந்து 5-க்கு இறங்கின. வெண்ணெயும் நெய்யும் 12-இலிருந்து 5-க்கு. எங்களுக்குக் கிடைத்தது 19 நாள். தள்ளிப்போட முடியாத தேதி, பணம் புழங்கும் மென்பொருள், நாங்கள் போய்த் தொட முடியாத தூரத்தில் இருக்கும் கணினிகள் என எல்லாம் சேர்ந்திருந்ததால், பாடம் படிக்க இதைவிடப் பொருத்தமான வெளியீடு எனக்கு வாய்த்ததில்லை.

முதல் படி: எது உள்ளே, எது வெளியே

வெளியீட்டுத் தேதி, அதில் அடங்கும் வேலைகள் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே இறுக்கிப் பிடிக்க முடியும். தேதி நிலையானதென்றால் வேலைகளைக் குறைக்க வேண்டும். வேலைகள் அத்தனையும் வேண்டுமென்றால் தேதி நகரும். உபுண்டு இயங்குதளம் 2004 அக்டோபரிலிருந்து ஏப்ரலிலும் அக்டோபரிலும் தவறாமல் வெளிவருகிறது. முடியாத வேலை அடுத்த பதிப்புக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர்களே 2006-இல் ஒரு முறை மெருகேற்ற அவகாசம் வேண்டுமென்று ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளினார்கள். அதனால்தான் அந்தப் பதிப்பின் எண் 6.04 என்றில்லாமல் 6.06 என்று இருக்கிறது.

எங்கள் பட்டியலில் அப்போது பதினான்கு வேலைகள் இருந்தன. வரி மாற்றத்தோடு தொடர்பில்லாத பதினொன்றை அன்றே வெளியே எடுத்தோம். அவற்றில் இரண்டு ஏறக்குறைய முடிந்தவை. ‘இதையும் சேர்த்துவிடலாமே’ என்று அவற்றைச் செய்தவர் கேட்டது நியாயமாகவே தோன்றியது. ஆனாலும் ‘ஏறக்குறைய முடிந்தது’ என்பதை ‘முடியவில்லை’ என்றே படிக்கப் பழகுங்கள். பட்டியலை எழுதி, தேதியிட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். பிறகு யார் எதைச் சேர்க்க வந்தாலும், முதலாளியே வந்தாலும், எதை எடுத்துவிட்டு இதைச் சேர்ப்பது என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: கிளை பிரித்தல்

நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்காக எழுதினார். இன்று சிறிய குழுக்களும் அதையே பயன்படுத்துகின்றன. வெளியீட்டுக்கான வேலைகள் முடியும் தறுவாயில் முதன்மைக் கிளையிலிருந்து ஒரு வெளியீட்டுக் கிளையை (ஒரே நிரலின், தனியாக வளரக்கூடிய நகலை) பிரித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து அந்தக் கிளைக்குள் பிழைத்திருத்தம் மட்டுமே போக வேண்டும். மற்றவர்கள் முதன்மைக் கிளையில் தங்கள் வேலையைத் தொடரலாம்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். வெளியீட்டுக் கிளையில் இரவோடு இரவாக ஒரு பிழையைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை முதன்மைக் கிளையிலும் இணைக்க மறந்துவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து அடுத்த பதிப்பு வரும்போது அதே பிழை உயிர்த்தெழுந்து வரும். ‘இதைத்தான் போன தடவையே சரி பண்ணிட்டீங்களே’ என்று கடைக்காரர் கேட்கும்போது சொல்வதற்குப் பதில் இருக்காது.

மூன்றாம் படி: பதிப்பு எண்

பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் பதிப்புக்கு மூன்று எண்கள் உண்டு. பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் முதல் எண் கூடும். ஒத்துப்போகும் புதிய வசதி வந்தால் நடு எண் கூடும். பிழைத்திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண் கூடும். இந்த முறையை வகுத்து எழுதியவர் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர்.

இந்த எண்கள் தசமப் புள்ளி எண்கள் அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 4.9-க்கு அடுத்தது 4.10, அது 4.1-ஐவிட ஒன்பது பதிப்பு புதியது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மென்பொருளின் தானியங்கிப் புதுப்பிப்பான் பதிப்பு எண்களை எழுத்துகளாக வைத்து ஒப்பிட்டது. அதன் கணக்கில் ‘1’ என்னும் எழுத்து ‘9’-க்கு முன்னால் வருவதால் 3.10 பழையது, 3.9 புதியது. விளைவாக எந்தக் கடையிலும் 3.10 இறங்கவில்லை, நாங்களோ பிரச்சினையே இல்லாத வெளியீடு என்று இரண்டு நாள் மகிழ்ந்திருந்தோம். அழைப்பு எதுவும் வரவில்லை என்பதை வெற்றியின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது அன்றிலிருந்துதான்.

நான்காம் படி: பிறர் எழுதிய நிரலைப் பூட்டி வைத்தல்

உங்கள் மென்பொருளில் பெரும்பகுதி நீங்கள் எழுதாத நூலகங்கள்தான். அவை ஒவ்வொன்றின் துல்லியமான பதிப்பு எண்ணையும் பூட்டுக் கோப்பில் பதிந்து வையுங்கள். வெளியீட்டு வாரத்தில் எதையும் புதுப்பிக்க வேண்டாம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்னும் 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை அதை எழுதியவர் என்பிஎம் என்னும் பொது நூலகக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டபோது, அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்களின் பில்டுகள் (நிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும் வேலைகள்) உலகெங்கும் முறிந்தன. பாதுகாப்புக் குறை தெரிய வந்த நூலகம் மட்டும் விலக்கு. அதைப் புதுப்பித்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாம் படி: சோதனை

புதிதாகச் செய்தது வேலை செய்கிறதா என்று பார்ப்பது சோதனையின் சிறு பகுதி. நேற்று வரை வேலை செய்தது இன்றும் செய்கிறதா என்று பார்ப்பதில்தான் பெரும்பகுதி நேரம் போகும், போகவும் வேண்டும்.

செப்டம்பர் வெளியீட்டில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு கடையில் செப்டம்பர் 20 அன்று 500 ரூபாய் அடக்கத்துக்கு (வரி சேர்க்கும் முன் உள்ள விலைக்கு) சோப்புப் பெட்டி வாங்குகிறார் ஒருவர். 18 சதவீத வரி 90 ரூபாய்; மொத்தம் 590. செப்டம்பர் 24 அன்று அதைத் திருப்பிக் கொண்டுவருகிறார். அன்றைக்கு வாங்கினால் வரி 25 ரூபாய்தான், மொத்தம் 525. ஆனால் திருப்பித் தர வேண்டியது 590, ஏனென்றால் பழைய பில்லுக்கு எதிராகப் போடும் வரவுக் குறிப்பு அந்தப் பில்லில் வசூலித்த வரியையே திருப்ப வேண்டும். எங்கள் விற்பனைத் திரை ஒவ்வொரு பில்லோடும் அன்றைய விகிதத்தைச் சேர்த்தே சேமித்து வந்தது. சரக்கைத் திருப்பி எடுக்கும் திரை மட்டும் பொருள் பட்டியலில் இன்று இருக்கும் விகிதத்தை எடுத்துக்கொண்டது. விகிதம் மாறுவது அரிது என்பதால் இந்தப் பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. புதிய விகிதத்தைச் சோதித்தவர்கள் எல்லோரும் புதுப் பில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தார்கள். அந்த மாதம்தான் சேர்ந்திருந்த ஒரு பெண், ‘பழைய பில்லைத் திருப்பினா என்ன சார் ஆகும்?’ என்று கேட்டார். 65 ரூபாய் குறைந்தது அப்போதுதான் தெரிந்தது.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சோதனைக்கு உட்காரும்போது மென்பொருளின் திரைகளை வரிசையாகப் பார்க்காதீர்கள். கடையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். காலையில் கடை திறக்கும்போது முதல் நாள் நிலுவைப் பில் ஒன்று கிடக்கும். நடுவில் மின்சாரம் போகும். வாடிக்கையாளர் பாதிப் பில்லில் ஒரு பொருளை வேண்டாம் என்பார். இரவு கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் உதைக்கும். இவற்றையெல்லாம் உண்மையான கடைத் தரவின் நகலில், பெயர்களையும் தொலைபேசி எண்களையும் அழித்துவிட்டு, ஓட்டிப் பாருங்கள். அலுவலகத்திலிருக்கும் நல்ல கணினியில் மட்டும் சோதிப்பது போதாது. கடையில் இருப்பதைப் போன்ற பழைய கணினி ஒன்றையும், 58 மி.மீ., 80 மி.மீ. ஆகிய இரண்டு அகலத் தாளுக்கான அச்சுப்பொறிகளையும் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பொருளின் பெயர் நீண்டிருந்தால் 58 மி.மீ. தாளில் விலை அடுத்த வரிக்குத் தாவுவதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்றும் அந்தப் பழைய கணினியில்தான் தெரிந்தது. தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துபோன கணினி, மின்சாரம் போய் வந்ததும் தேதியைப் பல ஆண்டுகள் பின்னே தள்ளிவிடும். விகிதத்தைத் தேதி பார்த்து எடுக்கும் நிரல், அப்படிப்பட்ட கணினியில் செப்டம்பர் 22-க்குப் பிறகும் பழைய வரியையே போடும். கடைசிப் பில்லின் தேதியைவிடக் கணினியின் தேதி முந்தியிருந்தால் பில் போடாமல் எச்சரிக்கும்படி நிரலில் இரண்டு வரிகளைச் சேர்த்தோம்.

கண்டுபிடித்த பிழைகள் எல்லாவற்றையும் வெளியீட்டுக்கு முன் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. பணக் கணக்கு தவறும் பிழை, தரவு தொலையும் பிழை, பில்லே போட முடியாத பிழை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் வெளியிடக் கூடாது. மற்றவற்றை எழுதி வைத்துவிட்டு நகருங்கள்.

ஆறாம் படி: தரவுத்தளமும் திரும்பி வரும் வழியும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்கப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நிரலைப் பழையபடி மாற்றுவது எளிது. முந்தைய பதிப்பை எடுத்து வைத்தால் போதும். தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றிவிட்டு, அதன்மேல் ஒரு நாள் வியாபாரமும் நடந்துவிட்டால் திரும்பி வருவது மிகக் கடினம். ஆகவே முன்னே போகும் நிரலை எழுதும் முன்பே திரும்பி வரும் நிரலை எழுதுங்கள்.

வரி விகிதத்துக்குத் தொடக்க நாளோடு கூடிய புதிய அட்டவணை ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. பொருள் அட்டவணையில் இருந்த பழைய வரி நெடுவரிசையை அதே வெளியீட்டில் நீக்கிவிட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்பது அவர் வாதம். நாங்கள் நீக்கவில்லை. புதியதைச் சேர்ப்பது ஒரு வெளியீட்டில், பழையதை நீக்குவது அதற்குப் பிந்தைய வெளியீட்டில் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பழைய நெடுவரிசை அங்கேயே இருந்தால்தான், கடையில் புதிய பதிப்பான 4.10 தகராறு செய்யும்போது முந்தைய 4.9-ஐத் திரும்பப் போட்டாலும் அது ஓடும்.

தரவு நகல் எடுப்பதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எடுத்த நகலிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் களைப்போடு வேலை செய்துகொண்டிருந்த ஒரு பொறியாளர், துணைச் சேவையகம் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். காப்புக்காக அமைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி இயங்கவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. அந்த நிறுவனம் இதை மறைக்காமல் முழுவதுமாக எழுதி வெளியிட்டது நமக்கெல்லாம் உதவி. மாதம் ஒரு முறை நகலை வேறொரு கணினியில் மீட்டு, ஒரு பில்லைத் திறந்து பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வையுங்கள்.

ஏழாம் படி: வெளியீட்டுக் குறிப்பு

குறிப்பைப் படிக்கப்போகிறவர் கடைக்காரர். ‘வரி விகிதத் தொகுதி மறுசீரமைக்கப்பட்டது’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. நாங்கள் அனுப்பியது இது: ‘22-ஆம் தேதி காலை முதல் புதிய வரி தானாக வரும். நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். 21-ஆம் தேதி வரை விற்ற பொருளைத் திருப்பி எடுத்தால் பழைய வரியே வரும், அது சரிதான்.’ கடைசிச் சொற்றொடர் இல்லாவிட்டால் அதைப் பிழை என்று நினைத்துப் பாதிக் கடைகள் அழைத்திருக்கும்.

எட்டாம் படி: எப்போது, யார்

வெள்ளிக்கிழமை மாலை வெளியிடக் கூடாது என்பது இத்துறையில் பழைய வழக்கு. உங்கள் வாடிக்கையாளரின் வெள்ளிக்கிழமை எது என்று பாருங்கள். மளிகைக் கடைக்கு அது மாதத்தின் முதல் வாரமும் பண்டிகைக்கு முந்தைய நாள்களும். அரசின் அதிகாரபூர்வ அறிவிக்கை செப்டம்பர் 17 அன்றுதான் வந்தது. அது வரை காத்திருந்தால் கடைகளுக்குப் பிரித்து அனுப்ப நாள் போதாது. ஆகவே நிரலை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, விகிதப் பட்டியலை மட்டும் அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பிறகு தனியாக அனுப்பினோம். நிரலையும் தரவையும் இப்படிப் பிரித்து வைக்க முடிந்தால் நெருக்கடியில் பாதி குறையும்.

வெளியிடும் ஒவ்வொரு செயலையும் வரிசையாக எழுதிய தாள் ஒன்று இருக்க வேண்டும். ஒருவர் செய்ய, இன்னொருவர் அருகில் அமர்ந்து படித்துச் சரிபார்க்க வேண்டும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடல் 2012-இல் எட்டுச் சேவையகங்களில் புதிய நிரலை ஏற்றியபோது ஒன்று விட்டுப்போனது. இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வ நடைமுறை அங்கே இருக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், விட்டுப்போன சேவையகத்திலிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஏறத்தாழ 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நட்டத்தை ஏற்படுத்தியது. ‘எட்டும் முடிந்ததா, எண்ணிப் பார்’ என்று கேட்க அருகில் ஒருவர் இருந்திருக்கலாம்.

ஒன்பதாம் படி: கொஞ்சம் கொஞ்சமாகத் திறத்தல்

எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டாம். முதலில் அலுவலகத்துக்குப் பக்கத்தில், நேரில் போய்ப் பார்க்கக்கூடிய மூன்று கடைகள், இரண்டு நாள் கழித்து முப்பது, பிறகு மீதம். முதல் மூன்றில் ஒன்று, எதையும் ஒளிக்காமல் திட்டக்கூடிய கடையாக இருப்பது நல்லது. எங்களுக்கு அப்படியொரு அண்ணாச்சி இருக்கிறார். 22-ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு அழைத்து, ‘தம்பி, பில்லெல்லாம் சரியாத்தான் வருது. ஆனா நெய்க்கு வரி குறையும்னீங்க, எனக்குப் பழைய வெலையே காட்டுது, கூட்டம் நிக்குது’ என்றார். அவர் நெய்யை வரியும் உள்ளடங்கிய விலையாகப் பதிந்திருந்தார். அப்படிப் பதிந்த பொருளுக்கு வரி குறைந்தால் அடக்கம் கூடுமே தவிர மொத்த விலை மாறாது. மென்பொருள் கணக்குப்படி சரி, கடைக்குத் தவறு. அப்படிப்பட்ட பொருள்களைப் பட்டியலிட்டு விலையைத் திருத்தச் சொல்லும் திரை ஒன்றைச் சேர்த்தோம்; அந்தத் திருத்தத்தையும் முதல் மூன்று கடைகளில் பார்த்த பிறகே முப்பது கடைகளுக்கு அனுப்பினோம்.

2024 ஜூலை 19 அன்று, கணினிப் பாதுகாப்பு மென்பொருள் செய்யும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் பழுதான ஒரு தரவுக் கோப்பை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றும்விட்டார்கள். ஆனால் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் அதற்குள் பாதிக்கப்பட்டிருந்தன. தொடங்கும்போதே முடங்கிய கணினிக்கு, திருத்திய கோப்பை இணையம் வழியே அனுப்ப வழியில்லை. பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே திரும்பி வரும் வழி உங்கள் சேவையகத்தில் இருந்தால் மட்டும் போதாது; கடையில் இருக்கும் கணினியிலேயே, இணையம் இல்லாமலும், கடைக்காரரே அழுத்தக்கூடிய பொத்தானாக அது இருக்க வேண்டும். எங்கள் புதுப்பிப்பான் முந்தைய பதிப்பின் கோப்புறையை இப்போது அழிப்பதில்லை. ஆண்ட்ராய்டு செயலியானால் ப்ளே ஸ்டோரில் இத்தனை சதவீதப் பயனர்களுக்கு மட்டும் என்று திறக்கலாம், இடையில் நிறுத்தவும் செய்யலாம். ஆனால் இறங்கிவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. பழைய நிரலையே கூடுதலான பதிப்பு எண் கொடுத்து மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.

பத்தாம் படி: வெளியிட்ட பிறகு

வெளியிட்ட நிரலுக்குக் கிட்டில் பதிப்பு எண்ணோடு அடையாளம் இடுங்கள். முதல் மூன்று நாள் யாரும் விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தினமும் எண்ணுங்கள், எங்கள் 3.10 கதை நினைவிருக்கட்டும். வந்த அழைப்புகளை நேரம், கடை, கேள்வி என்று ஒரே தாளில் குறித்தால், ஒரே கேள்வி மூன்று முறை வருவது உடனே தெரியும். அவசரத் திருத்தம் தேவைப்பட்டால் அது 4.10.1 ஆகட்டும்; அதையும் மூன்று கடை, முப்பது கடை என்ற வரிசையில்தான் அனுப்ப வேண்டும், அவசரம் என்பதற்காகத் தாண்டக் கூடாது.

பழைய வரி நெடுவரிசையை நீக்கும் வேலையை அடுத்த பதிப்பின் பட்டியலில் எழுதி, அதற்குப் பக்கத்தில் ‘எல்லாக் கடைகளும் 4.10-க்கு வந்த பிறகு’ என்றும் எழுதி வைத்தோம். இதை எழுதும் இன்றும் இரண்டு கடைகள் 4.7-இல்தான் இருக்கின்றன. அதனால் அந்த நெடுவரிசை இன்னும் இருக்கிறது.